ஓசையடங்கிய இல்லத் திரைக்கணனி

திரைப்படத்தின் ஒலியமைப்பிலே இசைக்கும் உரையாடலுக்கும் உரிய இடம் யாவரும் அறிந்தது. அமைதிக்கும் அங்கே ஓரிடம் உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மகனை இழந்த செய்தி கேட்டுத் தாயொருத்தி வாய் திறவாது நிற்கும் காட்சியில், தேர்ந்த இயக்குநர் பின்னணி இசையை முற்றாக நிறுத்திவிடுவார். கொட்டகையில் இருப்போர் அனைவரும் மூச்சடக்கி இருப்பர். அதே படத்தை வீட்டுக் கூடத்திலே காணுங்கால், அந்த அரை நிமிடத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகிலுள்ள கணனியின் இரைச்சல் நிரப்புமாயின் அக்காட்சி அழிந்தது என்றே கொள்ளல் வேண்டும். படம் பார்ப்பதற்கென வைக்கும் கணனி ஏனைய கணனிகளினின்றும் வேறுபடுவது இவ்வொரு காரணத்தினாலேயாம். அலுவலகத்துக் கணனி சிறிது இரைந்தால் குற்றமில்லை. இஃது இரைதல் ஆகாது.

இல்லத் திரைக்கணனி என்பது தொலைக்காட்சிப் பெட்டியுடனோ படமெறி கருவியுடனோ இணைத்து, சேர்த்துவைத்த திரைப்படங்களையும் இசையையும் புகைப்படங்களையும் கூடத்திலிருந்தே காணவும் கேட்கவும் உதவுவது. 2001 ஆம் ஆண்டிலே தைவான் நாட்டு வியா நிறுவனம் 17 சதமமீற்றர்ச் சதுரமான சிறு தாய்ப்பலகை அளவொன்றை வகுத்தது. மினி ஐ.ரி.எக்ஸ். எனப்படும் அவ்வளவு இத்துறையினர் கையில் இன்றும் வழங்குகின்றது. 2002 இல் மைக்ரோசொப்ற் நிறுவனம் தன் விண்டோஸ் எக்ஸ்.பி. மென்பொருளிலே தொலையியக்கியால் ஆளத்தக்க படக்காட்சிப் பதிப்பொன்றை வெளியிட்டது. எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுக் கருவிக்கென ஆர்வலர் சிலர் தொடங்கிய மற்றொரு மென்பொருள் வளர்ந்து பெருகி, 2014 இல் கோடி என்னும் பெயர் பெற்றது. முன்னையது 2015 இல் வந்த விண்டோஸ் 10 உடன் கைவிடப்பட்டது. பின்னையது இலவசமாகவே நிலவுகின்றது. இன்று தொலைக்காட்சிப் பெட்டிகளே இணையத்திலிருந்து படங்களைப் பெற்றுக் காட்டுகின்றன. ஆயின் தனிக்கணனி எதற்கு எனின், பழைய தட்டுக்களிலிருந்து படியெடுத்த படங்கள், பலவகைக் கோப்புக்கள், விரும்பிய மொழியில் விரும்பிய அளவில் அமையும் வசனவரிகள் ஆகியவற்றையெல்லாம் வேறெவரின் அனுமதியையும் எதிர்நோக்காது காண விழைவோர்க்கு அஃது இன்னும் வேண்டற்பாலதேயாகும்.

இதனை அமைக்கப் புகுவோரிற் பெரும்பாலார் ஒரே வழுவைச் செய்கின்றனர். முதலில் வல்லமை மிக்க முறைவழியாக்கி ஒன்றையும் பெரிய கிராபிக்ஸ் அட்டையொன்றையும் வாங்குகின்றனர். அவை இரையத் தொடங்கியபின், இரைச்சலை அடக்கவென விலையுயர்ந்த விசிறியையும், நுரைத்தகடு ஒட்டிய பெட்டியையும், நீரினாற் குளிர்விக்கும் கருவியையும் வாங்குகின்றனர். இருமுறை செலவு செய்தும் பயன் அரைகுறையே. நோயை வளரவிட்டு மருந்து தேடுவதை ஒக்கும் இம்முறை. உண்மையில் ஓசையின்மை என்பது கடையில் வாங்கத்தக்கதோர் உறுப்பன்று. வெப்பம் குறைந்த உறுப்புக்களைத் தெரிந்தெடுப்பதன் விளைவாகத் தானே வந்து வாய்ப்பது. வெப்பம் குறைந்த உறுப்பு பெரும்பாலும் விலையும் குறைந்ததாதலின், அமைதியும் சிக்கனமும் ஒன்றற்கொன்று பகை என்னும் எண்ணம் இத்துறையைப் பொறுத்தவரையிற் பிழையானது. இதனைச் சிறிது கணக்கினால் நிறுவலாம்.

கணனியொன்று உட்கொள்ளும் மின்வலு ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே மாறுகின்றது. அது பாரந்தூக்குவதில்லை, சக்கரம் உருட்டுவதில்லை, கணக்குச் செய்து முடிந்தபின் எஞ்சுவது வெப்பம் ஒன்றே. அவ்வெப்பத்தைப் பெட்டியினின்றும் வெளிக்கொணர்வது காற்று. ஒரு கனமீற்றர்க் காற்றின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறக்குறைய 1,200 யூல் சத்தி வேண்டும். மெதுவாகச் சுழலும் 120 மில்லிமீற்றர் விசிறியொன்று பெட்டியின் ஊடாக மணிக்கு 20 கனமீற்றர்க் காற்றைச் செலுத்துகின்றது என்று கொள்க. பெட்டியினுள்ளே தோன்றும் வெப்பம் 40 உவாற்றாயின் வெளியேறும் காற்று அறைக்காற்றிலும் 6 பாகை மட்டுமே சூடாக இருக்கும். தோன்றும் வெப்பம் 200 உவாற்றாயின் அவ்வேறுபாடு 30 பாகை ஆகும். அறையின் வெப்பநிலை 30 பாகை எனின் வெளிவரும் காற்று 60 பாகை. அக்காற்றினாலே குளிர்விக்கப்படும் உறுப்புக்களின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. எனவே 6 பாகை வேறுபாட்டை மீளப் பெறுதற்கு ஐந்து மடங்கு காற்றைச் செலுத்த நேரும்.

ஐந்து மடங்கு காற்று என்பது, விசிறி அதுவேயாயின், ஐந்து மடங்கு வேகம். இங்கேதான் இடர் தோன்றுகின்றது. விசிறியின் காற்றளவு வேகத்தின் நேர்விகிதத்திலேயே ஏறுகின்றது. அதன் ஒலியோ வேகத்தின் ஐந்தாம் அடுக்கை ஒட்டி ஏறுகின்றது. பொறியியலாளர் கையாளும் விசிறி விதிகளின்படி, வேகத்தை இருமடங்காக்கினால் ஒலி ஏறத்தாழ 15 தெசிபெல் உயரும். ஐந்து மடங்காக்கினால் ஏறத்தாழ 35 தெசிபெல் உயரும். காதுக்கெட்டாத மென்காற்றும், வாய்விட்டுப் பேசினாலன்றிக் கேளாத இரைச்சலும் இந்த 35 தெசிபெல்லின் இரு கரைகளாம். நடைமுறையிலே விசிறியின் எண்ணிக்கையையும் அளவையும் கூட்டி இவ்வேறுபாட்டைக் குறைப்பர் என்பது உண்மையே. ஆயினும் 200 உவாற்றை அடக்குதற்குச் செலவிடும் பணமும் இடமும், 40 உவாற்றுக் கணனிக்கு வேண்டாதவை. இதே விதியை மறுதலையாக நோக்கினும் பயன் உண்டு. வேகத்தைப் பாதியாக்கினால் இழப்பது பாதிக் காற்று. பெறுவது 15 தெசிபெல் அமைதி. இத்தகைய ஆதாயமான பண்டமாற்று வேறெங்கும் காண்டல் அரிது.

விசிறியின் விட்டமும் இவ்வாறே நோக்கற்பாலது. ஒரே வடிவுடைய இரு விசிறிகள் ஒரே வேகத்திற் சுழலுங்கால், அவை செலுத்தும் காற்று விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. 80 மில்லிமீற்றர் விசிறியின் இடத்தில் 120 மில்லிமீற்றர் விசிறியை வைத்தால் விட்டம் ஒன்றரை மடங்கு. காற்று மூன்றே கால் மடங்கின் மேல். ஆகவே பெரியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த வேகத்திற் சுழன்றே சிறியது தரும் காற்றைத் தந்துவிடும். மெல்லியதாய், அழகியதாய், தொலைக்காட்சியின் கீழே தட்டையாக அமர்வதாய் உள்ள பெட்டிகளை விரும்பி வாங்கியோர் பின்னர் வருந்துவது இதனாலேயாம். தட்டையான பெட்டியிற் சிறு விசிறிகளே பொருந்தும். சிறு விசிறி கீச்சிடாமல் இருப்பது அரிது.

ஒலியைக் கூட்டிக் கழிக்கும் கணக்கும் பலரை ஏமாற்றுவதொன்று. தெசிபெல் என்பது மடக்கை அளவை. 25 தெசிபெல் ஒலிக்கும் விசிறிகள் இரண்டு ஒருங்கே சுழலுமாயின் மொத்தம் 50 அன்று, 28 மட்டுமே. பத்து விசிறிகள் சுழன்றாற் கூட 35 தான். செவியோ 10 தெசிபெல் ஏற்றத்தையே ஏறக்குறைய இருமடங்கு உரப்பாக உணர்கின்றது. இதிலிருந்து கொள்ளத்தக்க பயன் யாதெனில், ஒத்த விசிறிகள் இரண்டில் ஒன்றை நிறுத்துவதால் விளையும் நன்மை சிறிது. இரண்டையும் மெதுவாக்குவதால் விளையும் நன்மை பெரிது. மற்றுமொன்று: 30 தெசிபெல் ஒலியும் 20 தெசிபெல் ஒலியும் ஒருங்கு சேர்ந்தால் 30.4 ஆகும். அந்நிலையில் 20 ஐ முற்றாக நீக்கினும் ஒருவரும் வேறுபாட்டை அறியார். ஆகவே உரத்த ஒலி எதுவோ அதனை முதலில் அடக்குதல் வேண்டும். முறைவழியாக்கியின் விசிறிக்கு உயர்ந்த விலை கொடுத்துவிட்டு, வலு வழங்கியின் மலிவான விசிறியை இரையவிடுவோர் தம் பணத்தை வீணாக்கியவரேயாவர்.

இத்தனை சொல்லியும், தெசிபெல் எண் ஒன்றையே நம்புதல் கூடாது. மனிதச் செவி எல்லா மீடிறன்களையும் ஒருபடித்தாகக் கேட்பதில்லை என்பதை 1933 இலே பிளெற்சர், மன்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் அளந்து காட்டினர். செக்கனுக்கு ஈராயிரம் முதல் ஐயாயிரம் வரையான அதிர்வுகளையே செவி கூர்ந்து கேட்கின்றது. காற்றின் அகன்ற இரைச்சல் சிறிது நேரத்தில் மனத்தினின்றும் மறைந்துவிடும். மரத்திலே இலையசையும் ஒலியை எவரும் குறையாகச் சொல்வதில்லை. ஒரே சுருதியில் விடாது எழும் கீச்சொலியோ அளவிற் சிறிதாயினும் மனத்தை அறுக்கும். அன்றியும், விசிறி செய்வோர் பெட்டியின்மேல் அச்சிடும் எண்கள் எத்துணைத் தூரத்தில், எத்தகைய அறையில், காற்றுத் தடையின்றியா தடையுடனா அளக்கப்பட்டவை என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. திறந்த வெளியிலே தூரம் இருமடங்காகுந்தோறும் 6 தெசிபெல் குறையுமாதலால், அளந்த தூரம் சொல்லாத எண் பொருளற்ற எண்ணேயாம்.

இனி, படம் காட்டுதற்குக் கணனி செய்ய வேண்டிய வேலைதான் யாது என நோக்குவாம். இதனை அறியாமையே மிகைச்செலவுக்கு வித்தாகின்றது. 3,840 புள்ளி அகலமும் 2,160 புள்ளி உயரமும் கொண்ட படச்சட்டம் ஒன்றில் 82,94,400 புள்ளிகள் உள. புள்ளியொன்றுக்கு 24 பிற்று வீதம், செக்கனுக்கு 24 சட்டம் வீதம் கணக்கிட்டால், செக்கனுக்கு ஏறத்தாழ 478 கோடி பிற்றுக்கள் ஆகும். இதனை அவ்வாறே சேமித்தலோ அனுப்புதலோ இயலாது. எனவே ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் பொதுவாயுள்ளவற்றை நீக்கி, ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்காகச் சுருக்கி விடுகின்றனர். சுருக்கும் முறைகள் காலந்தோறும் திருந்தி வந்தன. 2003 இல் எச்.264 என்னும் முறையும், 2013 இல் எச்.265 என்னும் முறையும், 2018 இல் ஏ.வி.1 என்னும் முறையும் வெளிவந்தன. சுருக்கியதை மீள விரிப்பதே திரைக்கணனியின் தலையாய வேலை.

விரித்தலை இருவகையாற் செய்யலாம். ஒன்று, பொதுவேலைக்கு அமைந்த முறைவழியாக்கி மென்பொருளின் துணைகொண்டு கணக்கிட்டு விரிப்பது. மற்றையது, அவ்வொரு வேலைக்கென்றே சில்லினுள்ளே பொறிக்கப்பட்ட தனிச்சுற்று விரிப்பது. முன்னதில் முறைவழியாக்கி முழுமூச்சாய் உழைத்துச் சூடேறும். விசிறியும் உடன் எழும். பின்னதில் அதே படம் சிலவே உவாற்றுக்களில் ஓடும். முறைவழியாக்கியோ பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். பல்லைக்கொண்டு தேங்காய் உரிப்பவனுக்கும் அலவாங்கை நட்டு உரிப்பவனுக்கும் உள்ள வேறுபாடு இது. ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய வினா, இதன் வேகம் எவ்வளவு என்பதன்று; எம்முறைகளை விரிக்கும் சுற்று இதனுள் உண்டு என்பதேயாம்.

இவ்வினாவுக்கு விடை காண்பதிற் சில நுட்பங்கள் உள. இன்டெல் நிறுவனத்தின் 6 ஆம் தலைமுறை முறைவழியாக்கிகள் 2015 இல் வந்தவை; எச்.265 முறையில் நிறமொன்றுக்கு 8 பிற்றுக் கொண்ட படங்களை மட்டுமே அவற்றின் தனிச்சுற்று முழுமையாக விரிக்கும். இன்றைய உயர்தரப் படங்களோ 10 பிற்றுக் கொண்டவை. நிறமொன்றுக்கு 256 படிகளுக்குப் பதிலாக 1,024 படிகள் உடையவை. அவற்றை விரிக்கும் சுற்று 7 ஆம் தலைமுறையிலேயே சேர்க்கப்பட்டது. ஓராண்டு இடைவெளியே ஆயினும், பழைய கணனி வாங்குவோர்க்கு இவ்விரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. ஏ.வி.1 முறையை விரிக்கும் சுற்று அந்நிறுவனத்தின் 11 ஆம் தலைமுறையில், 2020 முதற் கிடைக்கலாயிற்று. புதியது எல்லாம் முழுமையுடையது என்றும் எண்ணிவிடல் ஆகாது. 2023 இல் வெளிவந்த ராஸ்பெரி பை 5 என்னும் சிறுகணனியில் எச்.265 விரிக்கும் சுற்று உண்டு. அதற்கு முந்திய வடிவில் இருந்த எச்.264 சுற்று நீக்கப்பட்டுவிட்டது. ஏ.எம்.டி. நிறுவனம் 2022 இல் வெளியிட்ட ஆர்.எக்ஸ். 6400 என்னும் கிராபிக்ஸ் அட்டையோ, தன் குலத்தைச் சேர்ந்த பெரும்பாலான அட்டைகளுக்கு வாய்த்த ஏ.வி.1 விரிப்பை இழந்து பிறந்தது. ஆண்டையும் விலையையும் பார்த்து வாங்குவோர் இத்தகைய இடங்களிலே இடறுவர்.

முறைவழியாக்கியின் வெப்பம் அதன் வேகத்தையும், அதற்கு ஊட்டும் வோற்றளவின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகத்தையும் வோற்றளவையும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், இழக்கும் வேகம் 10 வீதம். குறையும் வெப்பம் 27 வீதம். கடைசிச் சிறுபங்கு வேகத்துக்கே பெரும்பங்கு வெப்பம் கூலியாகக் கொடுக்கப்படுகின்றது என்பது இதனாற் பெறப்படும். இவ்வுண்மையை அச்சில்லுகளைச் செய்தோரே அனுபவித்துத்தான் அறிந்தனர். 2004 இன் இறுதியில் வந்த 3.8 கிகா ஏட்சு வேகமுள்ள பென்ரியம் 4 சில்லு 115 உவாற்று வரை வெப்பம் உமிழ்ந்தது. அதே நிறுவனம் மடிக்கணனிக்கென 2003 இற் செய்த பென்ரியம் எம் என்னும் சில்லோ 24.5 உவாற்றுடன் அமைந்திருந்தது. அமைதியை நாடிய ஆர்வலர் சிலர், மடிக்கணனிச் சில்லை மேசைக்கணனிப் பலகையிற் பொருத்தும் இணைப்புத் துண்டுகளைத் தேடி வாங்கி இதனைக் கூடத்துக்குக் கொணர்ந்தனர். 2006 இல் அந்நிறுவனமே பழைய வழியைக் கைவிட்டு மடிக்கணனிச் சில்லின் வழியிற் செல்லத் தலைப்பட்டது. அவ்வார்வலர் முன்னோடிகள் என்பதில் ஐயமில்லை.

இன்று அத்துணை அல்லலும் வேண்டுவதில்லை. 2023 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அறிமுகமான இன்டெல் என்100 என்னும் சில்லை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நான்கு கருக்களை உடைய அதன் நெடுநேர வெப்ப அளவு 6 உவாற்று. குறுகிய நேரத்துக்கு அதனிலும் மிகுதியாகக் கொள்வதுண்டு. எச்.264, 10 பிற்று எச்.265, ஏ.வி.1 ஆகிய மூன்றையும் விரிக்கும் சுற்றுக்கள் அதனுள்ளேயே உள. விசிறியின்றி, உலோகச் செதில்களை மட்டும் பூண்டு, தாய்ப்பலகையுடன் ஒன்றாகவே இணைந்து விற்கப்படும் வடிவங்களும் கிடைக்கின்றன. இத்தகைய கணனி படம் காட்டுங்கால் முழுவதுமாகச் சேர்ந்து பொதுவாக 20 உவாற்றுக்குள் அடங்கும். இதன் குறையையும் மறைத்தல் ஆகாது. கனத்த விளையாட்டுக்களுக்கு இஃது உதவாது. பெரும் படத்தொகுப்பு வேலைக்கும் உதவாது. கூடத்திலே இருந்து படம் பார்க்க விரும்புவோர்க்கு அக்குறை ஒரு பொருட்டன்று. ஒரே பெட்டி வீட்டின் எல்லா வேலைகளையும் செய்தல் வேண்டும் என்னும் ஆசையே அமைதிக்கு முதற் பகை.

இதனிலும் மலிவான வழியொன்றும் உண்டு. அலுவலகங்களிலே சில ஆண்டு உழைத்து விற்பனைக்கு வரும் சிறு மேசைக்கணனிகள், கனத்த புத்தகமொன்றின் அளவே உள்ளவை, குறைந்த விலைக்குக் கிடைக்கும். மடிக்கணனியின் வலு வழங்கியே இவற்றுக்கும் உரியது. 35 உவாற்று வகைச் சில்லுகள் பொருந்தியவற்றைத் தெரிதல் நன்று. இவற்றிலுள்ள சிறு விசிறி படவேளையில் மெல்லவே சுழலும். எனினும் தூசி படிந்த பழைய விசிறி கரகரக்குமாதலால், அதனைத் துடைத்து, வெப்பங்கடத்தும் பசையைப் புதிதாக இடுதல் வேண்டும். 7 ஆம் தலைமுறைக்கு முந்தியதை விலக்குக. விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒற்றோபரில் முடிவுற்றமையாலும், விண்டோஸ் 11 பொதுவாக 8 ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவுமான சில்லுகளையே ஏற்பதாலும், 7 ஆம் தலைமுறையை வாங்குவோர் லினக்ஸ் மென்பொருளைக் கற்க மனங்கொள்ளல் வேண்டும். படக்காட்சிக்கென்றே ஆக்கப்பட்ட லிப்ரெயெலெக் போன்ற லினக்ஸ் வடிவங்கள் இலவசமாக உள, கற்பது கடினமன்று.

தனிக் கிராபிக்ஸ் அட்டை பெரும்பாலார்க்கு வேண்டுவதில்லை. பழைய குறைதரப் படங்களைக் கணக்கினால் மெருகேற்றிப் பெரிய திரையிலே காண விழைவோர் மட்டும் அதனை நாடலாம். அன்னோர் வேலை குறைந்தபோது விசிறியை நிறுத்திவைக்கும் வகையைத் தெரிதல் நன்று.

வலு வழங்கி என்னும் உறுப்பைப் பலரும் இறுதியாகவே எண்ணுவர். இரைச்சலிலோ அது முன்னிற்கும். மின்கம்பியிலிருந்து வரும் 230 வோற்றைக் கணனிக்கு ஏற்ற சிறு வோற்றளவாக மாற்றுங்கால் ஒரு பகுதி வெப்பமாக வீணாகின்றது. வீணாகும் பங்கைக் குறைத்தற்கென 2004 இல் 80 பிளஸ் என்னும் தரத்திட்டம் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தின் பெரும்பாலான படிகளில், வழங்கியின் முழுவலுவில் 20, 50, 100 வீதச் சுமைகளிலேயே திறன் அளக்கப்படுகின்றது. 500 உவாற்று வழங்கியை வாங்கி 20 உவாற்றுக் கணனியை இயக்குவோர் 4 வீதச் சுமையிலே இருக்கின்றனர். பொற்பட்டமோ வெள்ளிப்பட்டமோ அந்நிலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தேங்காய் ஒன்றைக் கொண்டுசெல்ல லொறி பிடித்ததை ஒக்கும் இது. சிறு கணனிக்கு மடிக்கணனி வகையான புறவழங்கியே சாலச் சிறந்தது. மாற்றத்தில் எழும் வெப்பம் பெட்டிக்கு வெளியே தங்கிவிடும்; விசிறியும் இல்லை. சில தாய்ப்பலகைகள் 19 வோற்றை நேராகவே ஏற்கும். ஏலாதவற்றுக்கு பிக்கோ பி.எஸ்.யு. போன்ற விரலளவான மாற்றித்துண்டுகள் உள. ஆயினும் பெயரில்லாத மலிவு வழங்கிகளை இவ்விடத்திலே வாங்குதல் தகாது. விசிறி இல்லாவிடினும் அவற்றின் மின்சுருள்கள் அதிர்ந்து நுளம்பு போல் ரீங்காரம் செய்வதுண்டு. தீப்பற்றும் அபாயம் வேறு.

வன்தட்டின் ஒலி தனித்தன்மை உடையது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு செக்கனுக்கு 120 முறை சுழல்கின்றது. 5,400 முறை சுழல்வது செக்கனுக்கு 90 முறை. தட்டின் சிறு சமனின்மை அவ்வதிர்வைத் தன்னைத் தாங்கும் உலோகச் சட்டத்துக்கு ஊட்டுகின்றது. வீணையின் தந்தி தனித்து ஒலித்தால் அருகிலிருப்போர்க்கே கேளாது. குடம் அவ்வதிர்வைப் பெற்று அவை முழுதும் பரப்புகின்றது. அவ்வாறே கணனிப் பெட்டியின் மெல்லிய தகடும், பெட்டி அமர்ந்திருக்கும் மர மேசையும் வன்தட்டுக்குக் குடமாகி உறுமுகின்றன. தந்தியையும் குடத்தையும் பிரித்துவிடுதலே பரிகாரம். வன்தட்டை இறப்பர்த் துண்டுகளின்மேல் வைப்பதும், தடித்த இழைவாரினால் ஊஞ்சல் போலத் தொங்கவிடுவதும் ஆர்வலர் கைக்கொண்ட முறைகள். தொங்கவிடுதல் மிகுந்த பயன் தருவது. ஆயின் பெட்டியைத் தூக்கிச் செல்லுமுன் தட்டைக் கழற்ற மறந்தோர் பட்ட இழப்பும் உண்டு.

இயங்குறுப்பு ஒன்றுமில்லாத திண்மநிலைச் சேமிப்பகம் இச்சிக்கலையே ஒழித்துவிட்டது. மென்பொருளை வைத்தற்கு அதிற் சிறியதொன்று போதும்; விலையும் தாங்கத்தக்கது. நூற்றுக்கணக்கான படங்களைச் சேர்த்துவைத்தற்கு அது விலை மிக்கதாயின், பெரிய வன்தட்டுக்களை வேறோர் அறையிலே ஒரு பழைய கணனியில் வைத்து வலையமைப்பு வடத்தினாற் கூடத்துக்குக் கொணர்வதே அறிவுடைமை. 1,080 வரிப் புளூறே தட்டொன்றின் உச்ச ஓட்டம் செக்கனுக்கு 48 மெகாபிற்று மட்டுமே. சாதாரண வடம் 1,000 மெகாபிற்றுக் கொண்டுசெல்ல வல்லது. ஓசையை அடக்கும் கருவிகள் பலவற்றினும் கைத்தேர்ந்தது ஒரு செங்கற் சுவரேயாம்.

பெட்டியைப் பொறுத்தவரை, காற்று புகும் வழியும் போகும் வழியும் தடையின்றி இருத்தலே முதன்மையானது. தகட்டிலே அழகுக்காகத் துளைத்த சிறு துளைகள் விசிறியின் முன்னே சீழ்க்கை ஒலியை எழுப்பும். அவற்றை வெட்டியகற்றிக் கம்பிவலை இடுவோர் உளர். நுரைத்தகடு ஒட்டுவதாற் பெரும்பயன் இல்லை. அது மீடிறன் மிக்க ஒலியைச் சிறிது உறிஞ்சும். திறந்த துளை வழியே வரும் ஒலியைத் தடுக்காது. வெப்பத்தையோ போர்வை போலக் காத்துவைக்கும். விசிறியை மெதுவாக்குதற்கு முற்காலத்தோர் அதன் இரு கம்பிகளையும் 12 வோற்றுக்கும் 5 வோற்றுக்கும் இடையே இணைத்து, எஞ்சும் 7 வோற்றில் ஓடவிட்டனர். இன்றைய தாய்ப்பலகைகள் நாற்கம்பி விசிறிகளின் வேகத்தை வெப்பநிலைக்கேற்பத் தாமே ஆள்கின்றன. அவற்றின் ஆரம்ப அமைப்பு அச்சம் மிக்கதாதலின் அதனைத் தளர்த்திவிடல் வேண்டும்.

இவ்விடத்திலே ஓரெச்சரிக்கை வேண்டப்படுகின்றது. விசிறியில்லாப் பெட்டிகளைப் பற்றிய ஆய்வுரைகள் பலவும் 21 பாகை வெப்பமுள்ள குளிர்நாட்டு அறைகளில் அளந்து எழுதப்படுபவை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பகல் வெப்பம் 30 பாகையைக் கடப்பது வழக்கம். சில்லை 70 பாகையில் நிறுத்த வேண்டின், அங்கே பயன்படுத்தத்தக்க வேறுபாடு 49 பாகை. இங்கே 31 பாகை அறையில் 39 பாகை மட்டுமே. செதில்கள் வெளியேற்றும் வெப்பம் அவ்வேறுபாட்டுக்கு ஏறக்குறைய நேர்விகிதமாகையால், 65 உவாற்றுக்குத் தகும் என்று அங்கே மதிப்பிட்ட பெட்டி இங்கே 52 உவாற்றுக்கே தகும். ஆகவே ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தே எவ்விளம்பரத்தையும் படித்தல் வேண்டும். கடற்கரையை அண்டிய வீடுகளில் உப்புக்காற்றும் எங்கும் நிறைந்த தூசியும் விசிறியின் மூலமே உட்புகுவதால், விசிறியில்லாப் பெட்டிக்கு இங்கே வேறு நன்மையும் உண்டு. கூரை விசிறி முழுவேகத்திற் சுழலும் கூடத்திற் கணனியின் 20 தெசிபெல்லைப் பற்றிக் கவலையுறுவது வேடிக்கையே எனச் சிலர் நகைக்கலாம். மார்கழிப் பனியிரவிலே கூரை விசிறியை நிறுத்திவிட்டுப் படம் பார்த்தோர் அவ்வாறு நகையார்.

செலவிலே குறைக்கத்தக்கவற்றையும் தகாதவற்றையும் பிரித்தறிதல் நலம். நினைவகம் 8 கிகாபைற்று போதுமானது. மின்கட்டணத்தையும் விலையோடு சேர்த்தே எண்ணுதல் வேண்டும்: நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் ஓடும் கணனி 100 உவாற்றுக் குறைவாகக் கொண்டால், ஆண்டுக்கு மிஞ்சுவது 146 அலகு. திரையிணைப்பில் மட்டும் சிக்கனம் பாராட்டுதல் கூடாது. எச்.டி.எம்.ஐ. 1.4 வகை வாயில் 2,160 வரிப் படத்தைச் செக்கனுக்கு 30 சட்டத்துக்கு மேல் அனுப்பமாட்டாது, 2.0 வகை 60 சட்டம் அனுப்பும். அத்துடன், திரைப்படம் செக்கனுக்கு 24 சட்டத்தில் எடுக்கப்பட்டது. திரை 60 முறை புதுப்பிக்குமாயின் ஒரு சட்டம் இருமுறையும் அடுத்தது மும்முறையுமாகக் காட்டப்பட்டு, மெல்ல நகரும் காட்சிகள் திக்கித் திணறும். திரையை 24 முறைக்கே மாற்றியமைக்கும் வசதி மென்பொருளில் உண்டு. செலவில்லாத இத்திருத்தத்தைச் செய்யாது விட்டு, புதிய கணனி தேடுவோர் பலர். கட்டணப் படச்சேவைகள் பல தம் உயர்தரப் படங்களைக் கணனிகளுக்கு முழுத்தரத்தில் வழங்குவதில்லை என்பதையும் வாங்குமுன் அறிதல் வேண்டும். அவற்றையே பெரிதும் பார்ப்போர்க்குச் சிறிய தொலைக்காட்சிப் பெட்டகம் ஒன்றே போதும், இக்கணனி வேண்டுவதில்லை.

உறுப்புக்களைப் பொருத்தி முடித்தபின், தெருவடங்கிய இரவொன்றிலே படம் பார்க்கும் இருக்கையில் இருந்து செவிமடுத்தல் வேண்டும். பெட்டியின்மேற் காதை வைத்துச் சோதித்தல் பயனற்றது. ஓசை கேட்குமாயின், ஒரு முழ நீளமான கடதாசிக் குழலின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வோர் உறுப்பின் அருகிலும் வைத்துத் தேடுக. வெளியான இடங்களையெல்லாம் சோதித்து முடித்தபின் அகப்படுவது, பெரும்பாலும், தாய்ப்பலகையின் மூலையிலே ஒருவரும் எண்ணிப் பாராத 40 மில்லிமீற்றர் விசிறியாகவே இருக்கும்.